மாற்று வேட்பாளர்

கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு இயந்திரம் என்னை அவமானப்படுத்தியதில்தான் இது ஆரம்பித்தது. கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், உங்களை அது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும்.

2058 தை மாதம். செவல்குளத்தில் அரிசி மண்டி குருசாமி வீட்டுக் கல்யாணம். நானும் என் சிநேகிதன் இசக்கியப்பனும் ஒரே வண்டியில் போய் இறங்கினோம். பின்னால் அவன் மனைவி பிரமு, மகள் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிரமுவுக்கு இரண்டு வருஷமாகக் கண் மங்கல், எதிரே நிற்கும் ஆள் நிழலாகத்தான் தெரியும். முன்பெல்லாம் மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுத்து வாங்க வாங்க என்பார்கள். இப்போது அந்த வேலைக்கு வரவேற்பு இயந்திரம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்ததும் ஆளைக் கண்டுபிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி வரவேற்கும்.

"செவல்குளம் சட்டமன்றத் தொகுதியின் முன்னாள் வேட்பாளர் திரு. இசக்கியப்பன் அவர்களே, வருக வருக" என்றது.

நாதஸ்வரக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். குருசாமி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அதன் கண்ணுக்கு நேராகப் போய் நின்றேன். அது என்னைப் பார்த்தது, கொஞ்சம் யோசித்தது.

"உடன் வந்தவரே, வருக" என்றது.

உடன் வந்தவர். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவன் தேர்தலில் நின்றானே, அதற்கு மனு எழுதியது நான். மேடைப் பேச்சு எழுதியது நான். சுவரில் வெள்ளையடித்து அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியதும் நான்தான், கையில் ஒட்டிய நீலம் ஒரு மாதம் போகவில்லை. அவன் தோற்றான். தோற்றவனுக்கு 'வருக வருக', எனக்கு ஒரு 'வருக', அதுவும் பெயரில்லாமல். வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பந்தியில் உட்கார்ந்ததும் பிரமு மகளிடம் கேட்டாள். "அது எப்படி கயலு, நம்ம வீட்டு மெஷின் மாதிரியே இதுவும் ஒங்கப்பா பேரை மட்டும் இந்தப் போடு போடுது?"

"போன மாசம் இணையக் களஞ்சியத்துல அப்பாவுக்கு ஒரு பதிவு போட்டேன்லாம்மா, எல்லா மெஷினும் அதைப் பாத்துத்தான் பேசும். அதுல இருக்கறவங்களைப் பத்தி மட்டும்தான் மெஷின் பேசும்."

"மத்தவங்களைப் பத்தி?"

"பேசக் கூடாது. அந்தப் பொய் வீடியோ கலவரம் வந்துச்சே, அதுக்கப்புறம் சட்டமே போட்டாச்சு. வீட்டு மெஷின், ஆஸ்பத்திரி மெஷின், பள்ளிக்கூட மெஷின் எதுவா இருந்தாலும், ஒரு மனுசனைப் பத்திக் களஞ்சியத்துல இருக்கறதை மட்டும்தான் சொல்லணும். அதுல இல்லாத ஆளைக் கேட்டா, அப்படி ஒருவரைப் பத்தித் தகவல் இல்லைன்னு சொல்லணும். மாமாவைக் கேளு, அவங்கதான் அதுல பழைய ஆளு."

மாமா என்பது நான். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினான்கு வருஷமாக இணையக் களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் தொகுக்கிறேன். குளம், பறவை, ரயில் நிலையம், செத்துப்போன எம்.எல்.ஏ. என்று அறுநூறு பதிவு எழுதியிருக்கிறேன். தொகுப்பவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதக் கூடாது என்பது விதி. அறுநூறு பேருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் பசியோடு எழுந்தவன் நான்.

"ஆமா பிரமு. கயல் சொல்லுதது சரிதான்" என்றேன்.

பிரமு இலையைத் தடவிப் பார்த்துப் பச்சடியை எடுத்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "இருபத்தேழு வருசமாத் தண்ணி புடிக்கப் போனாலும் கடைக்குப் போனாலும், தோத்தவன் பொண்டாட்டி போறான்னுதான் பேச்சு. இன்னைக்குத்தான் அண்ணாச்சி, ஊரு முழுக்கக் கேக்க அவரை மரியாதையாச் சொல்லுச்சு. தெனமும் நாலு மணிக்கு வீட்டு மெஷின்கிட்ட அவரைப் பத்திக் கேக்கேன். அது சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவே மாட்டேங்கு."

இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரைப் பிசைந்தான். "சும்மா கெட பிரமு" என்றான். வெட்கப்படுகிறானாம். அந்த வெட்கமும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேட்டியைக்கூட மாற்றாமல் அவன் பதிவைத் திறந்து படித்தேன். கல்குவாரித் தூசியை எதிர்த்துப் போராடியவர். 2031 தேர்தலில் சுயேச்சையாகத் தையல் மிஷின் சின்னத்தில் நின்று 811 வாக்கு வித்தியாசத்தில் தோற்றவர். மனைவி பெயர், மகள் பெயர், இப்போது பேட்டரி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பது எல்லாம் இருந்தது. அவன் வளர்த்த நாய் பெயர்கூட இருந்தது. என் பெயரைத் தேடினேன். இல்லை. மறுபடி மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன். தளவாய் என்று ஒரு ஆள் பிறக்கவே இல்லாத மாதிரி அவன் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் அந்தத் தேர்தலில் நானும் ஒரு வேட்பாளர். அதைச் சொல்ல வேண்டும். பெரிய வேட்பாளர் மனு எதிலாவது எழுத்து விட்டுப்போய்த் தள்ளுபடி ஆகிவிட்டால் கைக்கு இன்னொரு மனு வேண்டும் என்று, நம்பிக்கையான ஆள் ஒருவரையும் மனுப் போட வைப்பார்கள். அவருக்கு மாற்று வேட்பாளர் என்று பெயர். பெரியவர் மனு ஏற்கப்பட்டதும் மாற்று போய் வாபஸ் வாங்கிவிட வேண்டும். இசக்கியப்பனுக்கு நான் மாற்று. அவன் மனு ஏற்கப்பட்டது. கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள் நான் வாபஸ் கடிதத்தைக் கொடுத்திருக்க வேண்டும். வழியில் மோட்டார் சைக்கிள் பஞ்சர். போய்ச் சேரும்போது மூன்று ஐந்து. கதவைச் சாத்திவிட்டார்கள்.

என் பெயரும் ஓட்டு மிஷினில் ஏறிவிட்டது, இஸ்திரிப் பெட்டிச் சின்னத்தோடு. எனக்குப் போடாதீர்கள் என்று நானே மைக்கில் கத்தினேன். கேட்டால்தானே. அவர் ஆளுதானே இவரு, யாருக்குப் போட்டா என்ன, தையல் மிஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே கடையிலதான இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஜனம் எனக்குக் குத்தியது. 1,964 ஓட்டு. அவன் தோற்றது 811-இல். கணக்கு வாத்தியார் தேவையில்லை.

இசக்கியப்பன் என்னைக் குறை சொல்லவில்லை. "பஞ்சருக்கு நீரு என்ன செய்வீரு" என்றான், அவ்வளவுதான். ஊரும் விட்டுவிட்டது.

இவ்வளவு நடந்த தேர்தலில் என் பெயரை விட்டுவிட்டு அவன் தனியாக நிற்கிறான் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு இருந்த ஆத்திரத்தில் களஞ்சியத்தின் நீக்கல் பக்கத்தைத் திறந்தேன். அங்கே எனக்கு இன்னொரு பெயர் உண்டு, 'நடுநிலையன்'. யாருக்கும் அது நான் என்று தெரியாது. எழுதினேன்: "தேர்தலில் நின்று தோற்றது மட்டுமே ஒருவருக்குப் பதிவு கொடுக்கத் தகுதி ஆகாது. எழுதியவர் இவருடைய மகள். நீக்கப் பரிந்துரைக்கிறேன்." ஏழு நாள் விவாதம் நடக்கும். பிறகு மூன்று முடிவாளர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

விவாதம் சூடு பிடித்தது. தோற்றவர்களை எல்லாம் சேர்த்தால் ஒரு தொகுதிக்கு இருபது பேர், மாநிலம் முழுக்க எத்தனை ஆயிரம், களஞ்சியமா வாக்காளர் பட்டியலா என்று ஒருவர் கேட்டார். ஜெயித்தவனை மட்டும் எழுதினால் அது வரலாறு இல்லை, வாழ்த்து மடல் என்றார் ஒரு அம்மாள். எனக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. மூன்றாம் நாள் நான் எழுதினேன்: "எண்ணி முடிக்கும் முன்பே வெற்றி உரையைச் சட்டைப் பையில் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பதிவு கொடுக்க முடியுமா?" பதினாறு பேர் அதை ஆமோதித்தார்கள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் காலையில் கயல் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது.

"மாமா, நடுநிலையன்னு ஒருத்தன் அப்பா பதிவைத் தூக்கணும்னு நிக்கான். பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீக்கிட்டா என்ன ஆகும்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நாலு மணிக்கு அவங்க கேக்கும்போது, அப்படி ஒருவரைப் பத்தித் தகவல் இல்லைன்னு அந்த மெஷின் சொல்லும் மாமா. அவங்க புருசனைப் பத்தி, அவங்க வீட்லயே."

நான் டம்ளரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

"ஒரு முடிவாளர் எழுதியிருக்கார். சும்மா தோத்தாருன்னா நிக்காது, தோத்ததுல ஏதாவது அபூர்வம் இருந்து, அது செய்தியிலயும் வந்திருந்தா பதிவு நிக்குமாம். இருக்கே மாமா. மாற்று வேட்பாளர் வாபஸ் வாங்காததால ஒருத்தர் தோத்தது எங்க நடந்திருக்கு? அதை எழுதுதேன்னு சொன்னா அப்பா கூடவே கூடாதுங்காங்க. முதல்ல பதிவு எழுதும்போதே உங்க பேரைப் போட்டிருந்தேன். எடுத்தாத்தான் ஆச்சுன்னு ஒத்தக் கால்ல நின்னு எடுக்க வச்சாங்க. பஞ்சர்தானே மாமா, உங்க மேல என்ன தப்பு? எழுதினா என்ன?"

"அவனா என் பேரை எடுக்கச் சொன்னான்?"

"ஆமா. அவன் இதுல வரவே கூடாதுன்னாங்க. ஏன்னு கேட்டாச் சொல்லலை."

அவள் போனதும் எனக்கு ஒரே எரிச்சல். பார்த்தாயா, வேண்டுமென்றே எடுத்திருக்கிறான். வரவே கூடாதாமே. இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தது இப்போது வெளியே வருகிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு நேராக அவன் கடைக்குப் போனேன்.

இசக்கியப்பன் ஒரு ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளினான். "உக்காரும்வே."

"என் பேரை எடுக்கச் சொன்னீராமே."

"ஆமா."

"ஏன்? நான் உமக்கு என்ன துரோகம் செஞ்சேன்?"

அவன் கையில் இருந்த டெஸ்டரைக் கீழே வைத்தான். "நடுநிலையன் நீருதானவே?"

நான் குனிந்து, பிரித்துக் கிடந்த பேட்டரியைப் பார்த்தேன்.

"வெற்றி உரை சட்டைப் பையில இருந்துச்சுன்னு எழுதியிருக்கான். அந்தப் பேச்சை எழுதி நாலா மடிச்சு என் பையில வச்சது நீரு. பிரமுவுக்குக்கூடத் தெரியாது. நான் அதைக் கழிவறையில போயிக் கிழிச்சுப் போட்டேன். உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் எழுதல."

"இசக்கி, அது வந்து..."

"இரும், இன்னும் முடிக்கல. பஞ்சர் கதையும் தெரியும். பஞ்சர் கடை சிலுவைமுத்து அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்ட வந்துட்டான். உங்க ஆளு ஒன்னரை மணிக்கே வந்து கடை பெஞ்சுல உக்காந்தாரு, வண்டியில காத்து நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு டீ குடிச்சாரு, கடிகாரத்தைப் பாத்துப் பாத்து உக்காந்திருந்துட்டு மூணு அடிக்கப் போகும்போதுதான் கெளம்புனாருன்னு சொன்னான். யாருகிட்டயும் சொல்லாதேன்னு அவன்கிட்டச் சத்தியம் வாங்கினேன். அவன் செத்தே ஒம்பது வருசம் ஆச்சு."

இனி உங்களிடம் மறைத்து என்ன. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. மனுப் போட்ட மறுநாள் தாலுகா அலுவலகப் பலகையில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அதில் நான்காவது பெயர் தளவாய், தகப்பனார் பெயர், ஊர். அவ்வளவு பேர் நின்று படிக்கிற இடத்தில் என் பெயரை அதற்கு முன்னால் யாரும் ஒட்டியதில்லை. நானே போய் அதை அடித்துவிட்டு வர வேண்டும். அவனுக்கு மாலையும் ஜீப்பும், எனக்கு வாபஸ் கடிதம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே, இன்னும் கொஞ்ச நேரம் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கு ஓட்டு விழும் என்றே நான் நினைக்கவில்லை.

"தெரிஞ்சுமாவே இத்தனை வருசம் எங்கூடப் பழகுனீரு?" என்று கேட்டேன்.

"பழகாம? நாலு வருசம் உம்ம மொகத்தைப் பாக்கும்போதெல்லாம் செருப்பைக் கழட்டி அடிக்கணும்னு வரும். எலெக்‌ஷனும் போச்சு, குவாரியும் ஓடுச்சு, அந்தத் தூசியிலதான் பிரமு கண்ணு போச்சோ என்னமோன்னு இன்னைக்கும் நெனைக்கேன். ஆனா ஊருக்குச் சொல்லியிருந்தா உம்மைக் கல்லெடுத்து அடிச்சிருப்பானுவ. எலெக்‌ஷன் போனது போதாதா, ஆளையும் எழக்கணுமான்னு விட்டுட்டேன். இப்ப களஞ்சியத்துல ஏறிட்டா அப்புறம் உலகத்துல எந்த மெஷினைக் கேட்டாலும், தளவாயின்னா வாபஸ் வாங்காதவன்னுதான் சொல்லும். வேற எதுவும் சொல்லாது. நீரு எழுதின அறுநூறு பதிவையா சொல்லப் போவுது? அதுக்குத்தான் வேண்டாம்னேன்."

"உம்ம பதிவு போயிருமே."

"போனாப் போவுது. நான் தோத்தவன்தானே. பிரமுகிட்ட மெஷின் ரிப்பேருன்னு கொஞ்ச நாளைக்குச் சொல்லுதேன்."

அவன் மறுபடி டெஸ்டரை எடுத்துக்கொண்டான். என் பெயரை விட்டதற்காக நான் அவனை அழிக்கப் பார்த்தேன். அவன் என்னைக் காப்பாற்றத்தான் விட்டிருக்கிறான். எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை 'செவல் முரசு' என்ற உள்ளூர்ச் சேனலுக்கு நானே போன் செய்தேன். ஒரு நிருபர்ப் பெண் வந்தாள். பெட்டியடியில் கிடந்த வாபஸ் கடிதத்தை எடுத்து அவள் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். பஞ்சர் ஆகவில்லை, கடை பெஞ்சில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொறாமையில் உட்கார்ந்திருந்தேன், என்னால்தான் இசக்கியப்பன் தோற்றார் என்று சொன்னேன். செய்தி வந்தால் அது ஆதாரம். ஆதாரம் இருந்தால் அவன் தோல்வி அபூர்வமாகும். அபூர்வமானால் அவன் பதிவு நிற்கும், நாலு மணிக்குப் பிரமு கேட்பாள், மெஷின் சொல்லும். எனக்கு இருந்த திட்டம் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டிக்கு முன்னால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் தடவினேன். பெயரைச் சரியாகப் போடுவீர்களா என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டேன்.

மாலைக்குள் செய்தி எங்கும் போய்விட்டது. கயலிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "உங்களை மாமான்னு கூப்பிட்டேன்." அதோடு அவள் வேலை பார்க்கும் சென்னைக்கு ரயிலேறிவிட்டாள். இசக்கியப்பன் போனில் அழைத்தான். "ஏம்வே இப்படிச் செஞ்சீரு? பிரமுவுக்குத் தெரியாமப் பாத்துக்கிடுதேன். அவளுக்குப் படிக்கவும் முடியாது, நாங்க சொன்னாத்தான் உண்டு. நீரு ஒன்னும் வெளையாடாம இரும்" என்று வைத்துவிட்டான். கோபமா வருத்தமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழாம் நாள் மதியம் தீர்ப்பு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதேதான்.

"இசக்கியப்பன் தேர்தலில் தோற்றவர். அது மட்டும் தனிப் பதிவுக்குப் போதாது. ஆனால் மாற்று வேட்பாளர் ஒருவர் வேண்டுமென்றே வாபஸ் வாங்காமல் இருந்து, தேர்தல் முடிவையே மாற்றி, இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அதை ஒப்புக்கொண்டது அபூர்வமானது, போதிய செய்தி ஆதாரமும் உள்ளது. எனவே தளவாய் என்ற பெயரில் புதிய பதிவு தொடங்கப்படுகிறது. இசக்கியப்பன் பற்றிய தகவல்கள் சுருக்கப்பட்டு அதனுள் சேர்க்கப்படுகின்றன."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். அவனுக்கு வைத்துவிட்டேன் என்பதுதான் சரி. உடனே என் பதிவை நீக்க வேண்டும் என்று என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன். கெஞ்சியே எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. பதிவுக்கு உரியவர் தானே நீக்கச் சொல்ல இயலாது, அந்த விதிக்கு ஆதரவாக முன்பு நடுநிலையன் என்ற மூத்த தொகுப்பாளர் எழுதிய விளக்கத்தைப் பார்க்கவும் என்று இருந்தது.

இசக்கியப்பனிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பிப் போனேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் வீட்டு வாசலில் நின்றேன். அவன் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். பிரமு கூடத்தில் நாற்காலியில் இருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. செருப்புச் சத்தத்துலயே நீங்கன்னு தெரிஞ்சுட்டு. இன்னைக்கு ஏழாம் நாளு, என்னமோ முடிவு சொல்லுவாங்கன்னு கயலு சொல்லிக்கிட்டிருந்தா. ஊருக்குப் போயிட்டா, போன எடுக்க மாட்டேங்கா. இவரும் வாயத் தொறக்க மாட்டேங்காரு. நானே கேட்டுக்கிடுதேன்."

"அது ரிப்பேராக் கெடக்கு பிரமு" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. இப்பத்தான் மணி சொல்லுச்சு." அவள் சுவரில் இருந்த வீட்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். "எம்மா, இசக்கியப்பன்னா யாரு?"

"இசக்கியப்பன் என்ற பெயரில் தனிப் பதிவு இல்லை" என்றது இயந்திரம். "இவர் தளவாய் என்ற பதிவில் குறிப்பிடப்படுகிறார். அதை வாசிக்கலாமா?"

பிரமு முகம் வாடும் என்று நினைத்தேன். வாடவில்லை. என் பக்கமாகத் திரும்பிச் சிரித்தாள். "அட, உங்களுக்கும் பதிவு வந்துட்டா அண்ணாச்சி? நீங்க பாடுபட்டதுக்கு இப்பத்தான் கண்ணு தெறந்திருக்காங்க. மனசு நெறஞ்சு போச்சு. வாசிம்மா."

இயந்திரம் வாசிக்க ஆரம்பித்தது. போதும் என்று யார் சொன்னாலும் அது நிறுத்திவிடும். நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது "தளவாய்" என்றது, நல்ல கணீர்க் குரலில், பிறந்த ஆண்டும் ஊரும் தகப்பனார் பெயரும் சேர்த்து. ஒரு இயந்திரம் என் பெயரைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நின்றுவிட்டேன்.

அது பஞ்சர் கடைக்கு வந்தது. பெஞ்சுக்கும் கடிகாரத்துக்கும் வந்தது. 1,964-க்கும் 811-க்கும் வந்தது. பொறாமையால் என்று நான் பேட்டியில் சொன்னதை அப்படியே சொன்னது. இசக்கியப்பன் காப்பி டம்ளரோடு வந்து நிலைப்படியில் நின்றான், அதற்கு மேல் வரவில்லை. கடைசியில் "தளவாயால் தோற்றவர், நண்பர் இசக்கியப்பன்" என்று முடித்துவிட்டு நின்றது.

பிரமு நான் நிற்கும் திசையைச் சரியாகப் பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க அண்ணாச்சி" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புருஷனிடம் கையை நீட்டி அந்த டம்ளரைத் தானே வாங்கி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன்.